அச்சு அசலாக இருப்பதுதான் சிக்கல்

கேள்வி: எங்கள் ஊர் பந்தலூர் பக்கம். அப்பாவுக்கு 57 வயது, எஸ்டேட்டில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவர். சர்க்கரை நோயால் வலது பாதத்தில் புண் வந்து, இரண்டு வருடத்துக்கு முன் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒரு முகாமில் இலவசமாகச் செயற்கைக் கால் கொடுத்தார்கள். தோல் நிறத்தில் பிளாஸ்டிக் குழாய் போல இருக்கும், அடியில் ரப்பர் பாதம். முதலில் நன்றாக இருந்தது. இப்போது தொளதொளவென்று ஆகிவிட்டது, மூன்று சாக்ஸ் போட்டும் ஆடுகிறது. ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு 64 படி இறங்க வேண்டும். காலின் நுனியில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்திருக்கிறது, ஆனால் வலியே இல்லை என்கிறார். கோவையில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கும் தம்பி, செல்போனால் அப்பாவின் காலை ஸ்கேன் செய்து, கல்லூரியில் உள்ள 3டி பிரிண்டரில் புது சாக்கெட் (மிஞ்சிய காலை நுழைத்துக்கொள்ளும் கூடு) ஒன்று செய்து கொண்டுவந்திருக்கிறான். பிளாஸ்டிக்குக்கு ஆன செலவு 1,200 ரூபாய்தான். "அச்சு அசலா அப்பா கால் மாதிரியே வந்திருக்கு" என்கிறான். அடுத்து பாதமும் அச்சடிக்கப் போகிறானாம். இதைப் போட்டு அப்பா நடக்கலாமா? ஒவ்வொரு முறையும் கோவைக்கு அழைத்துப் போய்வர எங்களுக்கு வசதியில்லை.

– ஒரு வாசகி, பந்தலூர் வட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வேண்டாம். தம்பி செய்த சாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அப்பா ஒரு படிகூட இறங்க வேண்டாம். இப்போது போட்டிருக்கும் பழைய காலையும் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள். கடிதத்தில் பிரிண்டரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள், அந்தச் சிவப்பைப் பற்றி ஒரே ஒரு வரிதான். 22 வருடமாகச் செயற்கைக் கால் செய்கிற எனக்கு அந்த ஒரு வரியைத் தாண்டிப் படிக்க மனம் வரவில்லை.

செயற்கைக் காலைக் கழற்றியதும், சாக்கெட் அழுத்திய இடங்கள் யாருக்கும் கொஞ்சம் சிவந்துதான் இருக்கும். பத்து, இருபது நிமிடத்தில் அது மறைந்துவிட்டால் பயமில்லை. மறையவில்லை என்றால் தோலுக்கு அடியில் சதை நசுங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். எலும்பின் நுனியில் வந்தால் இன்னும் ஆபத்து, ஏனென்றால் அங்கே எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் மெத்தை மாதிரி பெரிதாக எதுவும் கிடையாது. பந்தலூரோ கூடலூரோ, எது பக்கமோ அந்த அரசு மருத்துவமனையில் நாளைக்கே காட்டுங்கள். சர்க்கரை அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு முழுதாகப் போய், மருத்துவர் சரி என்று சொல்லும் வரை ஊன்றுகோல்தான். வேலை கெடும், தெரிகிறது. ஆனால் அந்த இடம் உடைந்து புண்ணாகிவிட்டால் மாதக்கணக்கில் படுக்க வேண்டியிருக்கும். முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டிய நிலைகூட வரலாம். சொந்த முழங்கால் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும், உங்கள் ஊர்ச் சரிவில் நடப்பதில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கிறது. அப்பாவிடம் இப்போது மிச்சமிருக்கும் பெரிய சொத்து அந்த முழங்கால்தான்.

"வலியே இல்லை" என்று அப்பா சொல்வதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். சர்க்கரை நோய் நீண்ட நாள் இருந்தால் நரம்புகள் மரத்துப்போகும். டாக்டர் பால் பிராண்ட் என்று ஒருவர் இருந்தார். 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்து, 1946 முதல் வேலூரில் வேலை செய்தவர். தொழுநோயாளிகளின் விரல்களை நோய் நேராகத் தின்றுவிடுவதில்லை, வலி தெரியாமல் போவதால் அவர்களே அறியாமல் ஏற்படும் காயங்களில்தான் விரல்கள் போகின்றன என்று எடுத்துக்காட்டியவர் அவர். பிறகு அமெரிக்காவில் அதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் கொண்டுபோனார். எங்கள் தொழிலில் இருக்கிற யாரும் அவரை மறக்க முடியாது. மஞ்சூர் பக்கமிருந்து என்னிடம் வந்த ஒரு பெரியவர், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, சாக்ஸ்தான் அடிக்கடி ஈரமாகுது" என்றார். சாக்ஸை உருவிப் பார்த்தால் சீழ். வலிதான் நமக்குக் காவல்காரன். அப்பாவுக்கு அந்தக் காவல்காரன் தூங்கிவிட்டான், இனிமேல் உங்கள் கண்தான் காவல். தினமும் ராத்திரி, காலைக் கழற்றியதும் நுனியைப் பாருங்கள். செல்போனில் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

சரி, கால் ஏன் தொளதொளத்தது என்பதைச் சொல்கிறேன். அது புரிந்தால் தம்பியின் சாக்கெட் ஏன் வேண்டாம் என்பதும் தானாகப் புரியும்.

வெட்டியது போக மிஞ்சிய காலை நாங்கள் ஸ்டம்ப் என்போம். அறுவைக்குப் பிறகு ஒரு வருடம், ஒன்றரை வருடம் வரை அது வற்றிக்கொண்டே போகும். வீக்கம் வடியும், வேலையில்லாத தசை மெலியும். முகாமில் அளவெடுத்தபோது இருந்த ஸ்டம்ப் இப்போது அப்பாவிடம் இல்லை. முழங்காலுக்குக் கீழே போடும் சாக்கெட்டில், உடல் எடையை அடி நுனி தாங்கக் கூடாது. முழங்கால் சிப்பிக்குக் கீழே விரல் வைத்தால் ஒரு தடித்த நாண் தட்டுப்படும், அது தாங்கும். முன்னெலும்பின் உள்பக்கச் சரிவு தாங்கும். பின்பக்கச் சதை அணைத்துப் பிடித்துக்கொள்ளும். ஸ்டம்ப் மெலிந்ததும் என்ன நடக்கிறது என்றால், அது சாக்கெட்டுக்குள் கீழே கீழே இறங்குகிறது. நாண் உட்கார வேண்டிய இடம் தவறிப்போகிறது, எலும்பு நுனி அடியில் போய் முட்டுகிறது. படி இறங்கும்போது ஒவ்வொரு தடவையும் முட்டுகிறது. அந்தச் சிவப்பு இப்படித்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். சந்தேகம் இருந்தால் நாங்கள் சாக்கெட்டின் அடியில் சின்னக் களிமண் உருண்டை ஒன்றைப் போட்டு, நிற்க வைத்து, வெளியே எடுத்துப் பார்ப்போம். சப்பளிந்து போயிருந்தால் நுனி முட்டுகிறது. சாக்ஸை ஏற்றிக்கொண்டே போவது தற்காலிக ஏற்பாடு. மூன்று போட்டும் ஆடுகிறது என்றால் சாக்கெட் மாற்றும் காலம் வந்துவிட்டது.

இப்போது தம்பியின் வேலைக்கு வருகிறேன். "அச்சு அசலா வந்திருக்கு" என்று பெருமையாகச் சொன்னாரல்லவா? அந்த அச்சு அசல்தான் சிக்கல். ஒரு நல்ல சாக்கெட் ஸ்டம்ப் மாதிரியே இருக்காது. தாங்கக்கூடிய இடங்களில் உள்ளே அழுத்தியும், தாங்க முடியாத இடங்களில் வெளியே விலகியும் இருக்கும். முன்னெலும்பின் கூர், அதன் நுனி, வெளிப்பக்கம் குச்சி எலும்பின் தலை, இவை மூன்றையும் தொடக் கூடாது. குச்சி எலும்பின் தலையைச் சுற்றி ஒரு நரம்பு ஓடுகிறது, அதை அழுத்தினால் வேறு தொந்தரவு. மாவுக்கட்டு போட்டு அளவெடுக்கும்போது எங்கள் கட்டைவிரல்கள் அந்த நாணின் இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்திருக்கும். பிறகு மாவு அச்சு தயாரானதும் அரத்தை எடுத்துச் சில இடங்களில் ராவுவோம், சில இடங்களில் மாவு சேர்த்து மேடாக்குவோம். செல்போன் ஸ்கேன் தோலின் மேல்பரப்பை மட்டும் பார்க்கிறது. அடியில் எலும்பு எங்கே, சதை எங்கே என்று அதற்குத் தெரியாது. அப்பா காலைத் தொங்கப்போட்டிருந்தாரா, நீட்டியிருந்தாரா, காலையில் எடுத்ததா, சாயங்காலமா என்பதைப் பொறுத்தும் அளவு மாறும். அதை அப்படியே ஓடாக அச்சடித்துப் போட்டால், எல்லா இடமும் ஒரே மாதிரி அழுந்தும். முதலில் தோற்பது எலும்பு நுனித் தோல்தான்.

அடுத்து அந்தப் பிளாஸ்டிக். 1,200 ரூபாய் இழைச் சுருள் என்றால், பெரும்பாலும் இந்தப் பிரிண்டர்களில் போடும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்காகத்தான் இருக்கும். இந்தப் பிரிண்டர் இழையை உருக்கி, ஒரு படலத்தின் மேல் இன்னொன்றாக அடுக்கிக்கொண்டே போகும். படலத்துக்குள் பலம் இருக்கும், படலங்கள் ஒட்டும் இடத்தில் குறைவு. சில்வர் ஓக் கட்டையை நார்வாக்கில் நிறுத்திக் கோடாலி போட்டால் எப்படிப் பிளக்கும் என்று அப்பாவுக்கு நன்றாகத் தெரியும், அதே கதை இங்கேயும். நிறுத்தி வைத்து அச்சடித்த சாக்கெட், குழாயோடு சேரும் கழுத்துப் பகுதியில் குறுக்கே விரிசல் விடும். முன்கூட்டிச் சொல்லாமல் பட்டென்று விடும்.

செயற்கைக் கால்களின் உறுதியைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 10328 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அதில் 30 லட்சம் தடவை சுமை ஏற்றி இறக்கிப் பார்ப்பார்கள். ஒரு நாளில் அப்பா அந்தக் காலில் 2,500 அடி வைக்கிறார் என்று கொண்டால், 30 லட்சம் என்பது மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் அதிகம். தம்பியின் கல்லூரியில் சோதனை எந்திரம் இருந்தால், அவர் செய்ததை அதில் போட்டுப் பார்க்கட்டும். ஒரு மாணவருக்கு அதைவிட நல்ல புராஜெக்ட் இருக்காது. இன்னொன்று, பி.எல்.ஏ. 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகத் தொடங்கிவிடும். உங்கள் பக்கம் ஆடி மழையில் எதுவும் காயாது. நனைந்த காலையும் சாக்ஸையும் விறகடுப்புப் பக்கத்தில் வைத்துத்தானே உலர்த்துவீர்கள்? ஒரு ராத்திரியில் சாக்கெட் கோணிக்கொள்ளும், கண்ணுக்கும் தெரியாது.

இதையெல்லாம் படித்துத் தம்பி மனம் உடைந்துபோகக் கூடாது. அச்சிட்ட சாக்கெட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேறு பொருளில், வேறு வகை எந்திரத்தில், பயிற்சி பெற்றவர்கள் வடிவமைத்து அச்சிட்ட சாக்கெட் போட்டு உலகில் பல இடங்களில் நடக்கிறார்கள். காதுக்குள் வைக்கும் கேட்புக்கருவிகளின் கூடு இப்போது பெரும்பாலும் அச்சில்தான் வருகிறது. கைகளின் கதையும் தம்பிக்குத் தெரிந்திருக்கும். 2011-ல் தென்னாப்பிரிக்காவில் ரிச்சர்ட் வான் ஆஸ் என்ற தச்சருக்கு ரம்பத்தில் விரல்கள் போயின. அமெரிக்காவில் வேடமணிந்து போவதற்காக எந்திரக் கை செய்திருந்த ஐவன் ஓவனைத் தேடிப் பிடித்தார். இரண்டு பேரும் கடல் கடந்து சேர்ந்து வேலை செய்து, விரலில்லாமல் பிறந்த ஐந்து வயதுப் பையனுக்கு ஒரு கை செய்தார்கள். 2013 தொடக்கத்தில் அந்த வடிவத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாக வெளியிட்டார்கள். அதன் பிறகுதான் ஈ-நேபிள் என்ற தன்னார்வலர் கூட்டம் உருவாகி, பல நாட்டுக் குழந்தைகளுக்குக் கை அச்சடித்துக் கொடுத்துவருகிறது. எனக்கு அந்த முயற்சியில் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அச்சிட்ட கை உடைந்தால் குழந்தை பந்தை இன்னொரு கையால் எடுத்துக்கொள்ளும். அச்சிட்ட கால் உங்கள் 64 படியில் முப்பதாவது படியில் உடைந்தால்? நினைத்துப் பாருங்கள்.

பாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தயவுசெய்து அந்த ரப்பர் பாதத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நீங்கள் சொல்கிற அடையாளத்தைப் பார்த்தால் அது ஜெய்ப்பூர் பாதமாக இருக்க வேண்டும். 1968-ல் ராமச்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது. வெறுங்காலோடு சேற்றில் நடக்க வேண்டும், சம்மணம் போட வேண்டும், குத்துக்காலிட வேண்டும் என்ற நம் ஊர் வாழ்க்கையை மனதில் வைத்துச் செய்தது. எல்லாப் பக்கமும் வளைந்து கொடுப்பதால் மேடு பள்ளத்துக்கு அதைப் போல ஒத்துழைக்கிற பாதம் இந்த விலையில் வேறு இல்லை என்பது என் அனுபவம். விறைப்பான பாதம் என்றால், சரிவில் ஏறும்போது முழங்காலைப் பின்னால் தள்ளும், இறங்கும்போது முன்னால் மடக்கிவிடும். தம்பி அச்சடிக்க நினைக்கும் பாதம் விறைப்பாகத்தான் இருக்கும். ரப்பர் வெடித்திருந்தால் பாதத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

தம்பியின் கையையும் பிரிண்டரையும் எங்கே பயன்படுத்தலாம் என்றால், அச்சு வார்ப்பதில். சாக்கெட்டை அச்சடிக்காமல், சாக்கெட் செய்வதற்கான அச்சை அச்சடிக்கட்டும். பல்லை நேராக்கும் கண்ணாடி போன்ற உறைகளையும் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள்: பல்வரிசையின் மாதிரியை அச்சிட்டு, அதன் மேல் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கிப் படிய வைக்கிறார்கள். கால் விஷயத்தில் தகடு பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக், சூடு மிக அதிகம், பி.எல்.ஏ.-யில் அச்சிட்ட மாதிரி அந்தச் சூட்டை நேராகத் தாங்காது. அதனால் ஸ்டம்பின் வடிவத்தை உள்ளே வெறுமையான ஓடாக அச்சிட்டு, அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் ஓட்டை உடைத்தெடுத்தால் எங்களுக்குப் பழகிய மாவு அச்சு கிடைத்துவிடும். ஆனால் அந்த வடிவத்தைத் திருத்துவது, எங்கே உள்ளே அழுத்துவது, எங்கே விலக்குவது என்பதைச் செயற்கைக் கால் படிப்புப் படித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். திரையிலேயே செய்யலாம். முதல் சந்திப்பில் எலும்புகளை விரலால் தடவிக் கண்டுபிடித்து, தோலில் மார்க்கர் பேனாவால் குறித்து, அதன் பிறகு ஸ்கேன் எடுக்கத் தம்பி கற்றுக்கொள்ளட்டும். ஆறு மாதம் கழித்து ஸ்டம்ப் மறுபடி மெலிந்தால், வீட்டிலேயே அதே முறையில் எடுத்த ஸ்கேனை அனுப்பி, பழைய ஃபைலைத் திருத்தி வேலையைத் தொடங்கலாம். கூடலூர், ஊட்டி, மேட்டுப்பாளையம் என்று இறங்கிக் கோவை வரும் நடைகளில் ஒன்றாவது மிச்சமாகும். மலையில் இருப்பவர்களுக்கு இந்தத் தொழில்நுட்பம் தரக்கூடிய உண்மையான லாபம் அதுதான் என்று நான் நம்புகிறேன். பொருத்திப் பார்க்கிற நாளில் அப்பா நேரில் வந்தாக வேண்டும், அதை மட்டும் தவிர்க்க முடியாது.

தம்பி இதை மற்றவர்களுக்கும் செய்துதர ஆசைப்படலாம். நல்ல ஆசை. ஆனால் 2017-ம் வருட மருத்துவக் கருவிகள் விதிகளின்படி, ஒருவருக்கென்றே தனியாகச் செய்யும் கருவி என்பது பதிவுபெற்ற மருத்துவர் எழுதிக்கொடுத்து, அவர் பொறுப்பில், அந்த ஒரு நோயாளிக்காக மட்டும் செய்வது. அந்தச் சீட்டு இல்லாமல் யாருக்கும் செய்துகொடுக்க வேண்டாம்.

உடனே அச்சடிக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். ஒரு முழ நீளப் பிடி, அதன் நுனியில் சாய்த்துத் திருப்பக்கூடிய சின்னக் கண்ணாடிச் சட்டம். அப்பா குனிந்து எட்டாமலே தன் இடது உள்ளங்காலையும் ஸ்டம்பின் நுனியையும் தானே பார்த்துக்கொள்ளலாம். இது உடைந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, ஆனால் ஒரு காலைக் காப்பாற்றும்.

ஏனென்றால் இடது பாதத்தைப் பற்றித்தான் எனக்கு மிகப் பெரிய கவலை. சர்க்கரையில் ஒரு காலை இழந்தவருக்கு மறு கால் எப்போதும் ஆபத்தில் இருக்கும், இப்போது இரண்டு காலின் வேலையும் அதன் தலையில். கம்பூட்ஸுக்குள் அட்டை ஏறிக் கடித்தால்கூட அப்பாவுக்குத் தெரியாமல் போகலாம். போடும் முன் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டுங்கள், உள்ளே கைவிட்டுப் பாருங்கள். வேலை முடிந்ததும் விரலிடுக்கு வரை துடைத்து ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்பில் குளிர்காய வேண்டாம், சுடுவது தெரியாது. வீட்டுக்குள்ளும் செருப்புத்தான். எம்.சி.ஆர். என்று கேட்டு வாங்குங்கள், நுண்ணிய துளைகள் கொண்ட மென்மையான ரப்பர். அச்சிட்ட உள்தகடு எதுவும் வேண்டாம், தம்பியிடம் உள்ள பிளாஸ்டிக் அதற்கு மிகவும் கடினம். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் பாதத்தையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

புதிய சாக்கெட்டுக்கு, ஊட்டியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டையோடு மனு கொடுங்கள். "கால் வேண்டும்" என்று மட்டும் எழுதாமல், "ஸ்டம்ப் சுருங்கிவிட்டது, பழைய சாக்கெட் பொருந்தவில்லை, நுனியில் அழுத்தப்புண் வரத் தொடங்கியுள்ளது" என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிச் சேர்த்துக் கொடுங்கள்.

கால் செய்பவரிடம் போகும்போது பழைய கால், தம்பி செய்தது, எல்லா சாக்ஸும் கொண்டுபோங்கள். அப்பா வழக்கமாகப் போடும் செருப்பையும் கம்பூட்ஸையும் மறக்காதீர்கள், குதியின் உயரம் மாறினால் காலின் சாய்மானமே மாறிவிடும். எங்கள் அறைகளின் தரை எல்லாம் சமதளம், அங்கே நேராக நிற்கிற கால் உங்கள் ஊரில் நிற்காது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக் கால் முதலில் என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் உங்கள் படிகள் எவ்வளவு உயரம், எங்கே வழுக்குகிறது, பிடித்துக்கொள்ள எந்தப் பக்கம் கம்பி இருக்கிறது என்று செய்பவருக்குத் தெரிய வேண்டும். அந்த 64 படியையும் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று தம்பி வீடியோ எடுத்துக்கொண்டு வரட்டும். கூடவே ஒவ்வொரு படியின் உயரத்தையும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.